வாயு என்று சொல்லி வளர்க்கும் வியாதி

சாத்தூரில் வயிற்று வலிக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்; அது வாயு. இராச் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சுக் குழியில் பிசைந்தால் வாயு; வலது விலாவின் அடியில் குத்தினால் வாயு; வலி முதுகைச் சுற்றி வலது தோள்பட்டை வரை இழுத்தால் வாயுப் பிடிப்பு. பெயர் கிடைத்துவிட்டால் மருந்து கிடைப்பதற்குத் தாமதம் ஏது? ஒரு சோடா, கொஞ்சம் பெருங்காயம், ஓர் இஞ்சிக் கஷாயம். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. சாத்தூரைத்தான் சொல்வானேன், தமிழ் நாடு முழுவதிலும் இதுவே வழக்கம். பெரும்பாலான வலிகள் இந்த மருந்துகளுக்கு அடங்கியும் விடுகின்றன. அவற்றைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அடங்காத வலியைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுந்தோம்.

பித்தப்பை அழற்சி என்று வைத்தியர்கள் கூறும் வியாதி திடீரென்று மூளும்போது வாயுவின் வேஷத்தைப் பூண்டுகொண்டே வருகிறது. முதல் சில மணி நேரம் அந்த வேஷத்தை நம்பி ஏமாறுவதில் குற்றம் இல்லை. தேர்ந்த வைத்தியர்களே சில சமயம் ஏமாறுகிறார்கள். ஆனால் ஆறு மணி நேரம் கழிந்தும், இரவு முழுவதும் கண் மூடாமல் கிடந்தும், உடம்பில் ஜுரம் கண்ட பிறகும் அதே பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அபாயம். காலத்தில் கவனித்தால் சில நாட்களில் வேலைக்குத் திரும்பக் கூடிய நோய் இது. கவனியாது விட்டால் உயிரையே கொண்டுபோகக் கூடியதும் இதுவே.

பித்தம் என்ற சொல்லை நம்மவர்கள் எவ்வளவு தாராளமாக வழங்குகிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். குதிகாலில் வெடிப்புக் கண்டால் பித்த வெடிப்பு. இளமையில் மயிர் வெளுத்தால் பித்த நரை. தலை சுற்றினால் பித்த மயக்கம். காலையில் வாய் கசந்தால் பித்தம் ஏறியிருக்கிறது என்பார்கள். பித்த நீருக்கும் இவற்றிற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மெய்யாகவே பித்தப்பையில் தீ மூண்டு மனிதன் துடிக்கும்போதோ, அதற்கு மாத்திரம் வாயு என்று பெயர் வைத்துவிடுகிறோம்! இந்த வேடிக்கையை நினைத்துச் சிரிக்கலாம். அதனால் விளையும் துன்பத்தை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஈரலின் அடியில், வலது விலா எலும்புகளின் மறைவில், சிறு கத்தரிக்காயைப் போல ஒரு பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். அதில் கொள்ளுவது 30 முதல் 50 மில்லி லிட்டர். ஏறக்குறைய ஒரு சிறு தேநீர்க் கோப்பையின் பாதி. ஈரல் நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்த நீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியை இந்தப் பை வாங்கி, நீரைச் சுண்டவைத்து, கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பண்டமும் நெய்யும் இறைச்சியும் குடலில் இறங்கியதும் குடலிலிருந்து ஒரு செய்தி இரத்தத்தின் வழியே போகிறது. உடனே பை சுருங்கித் தன் சேமிப்பைக் குடலுக்குப் பீச்சுகிறது. கொழுப்பு ஜீரணமாவதற்கு இது உதவி. இவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

சுண்டவைக்கிற இடத்தில் மண்டி படிவது இயற்கை. அந்த மண்டி இறுகிக் கல்லாகிறது. கற்கள் பையின் அடியில் சும்மா கிடக்கும்வரை உபாதை இல்லை. கல் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேன் படத்தில் கல் தென்பட்டது என்பதற்காக மாத்திரம் யாரும் பயந்து கத்திக்குத் தலை நீட்ட வேண்டுவதில்லை. பை சுருங்கும்போது ஒரு கல் உருண்டு வந்து அதன் கழுத்தில் அடைத்துக்கொண்டால்தான் தொல்லை தொடங்குகிறது. சற்று நேரம் அடைத்திருந்து பின் விலகிக்கொண்டால், வலி வந்து ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடும். விலகாமல் இறுகிப்போனால் உள்ளே அகப்பட்ட பித்த நீர் பையின் சுவரைப் புண்ணாக்குகிறது. சுவர் தடிக்கிறது, வீங்குகிறது, அதற்கு இரத்தம் செல்வது குறைகிறது. பின்னர் கிருமிகளும் வந்து குடியேறுகின்றன. இதுவே பித்தப்பை அழற்சி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நோயாளிகளிடத்தில் கல்லே இதற்குக் காரணம்.

சாத்தூர் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சேவு. எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்கிய காராச் சேவின்மீது பழி போடப்போகிறோம் என்று அன்பர்கள் அஞ்ச வேண்டாம். சேவு கல்லை உண்டாக்கிவிடுவதில்லை. ஏற்கெனவே கல்லை வைத்துக்கொண்டிருப்பவர் ஒரு பொட்டலத்தைத் தனியாகவே தீர்த்துவிட்டால், அவருடைய பை பலமாகச் சுருங்கும். கல்லும் புரண்டு கொடுக்கும். குற்றவாளி கல், சேவு கதவைத் தட்டிய ஆள் மட்டுமே.

கல்லிலும் வடக்கு, தெற்கு என்ற பேதம் உண்டு என்பது நேயர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மல்ஹோத்ரா என்ற ரயில்வே வைத்தியர் நம் நாட்டு ரயில்வே ஊழியர்களிடையே இந்நோயை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டில் வெளியிட்டார். தென்னாட்டு ஊழியர்களைவிட வடநாட்டு ஊழியர்களிடம் பித்தக் கல் ஏழு மடங்கு அதிகமாக இருப்பதாக அவர் கண்டார். உத்தியோகமும் சம்பளமும் ஒத்தவர்களிடையே இந்த வேற்றுமை இருந்ததால் உணவைப் பற்றிய பல யோசனைகள் எழுந்தன. பின்வந்த ஆராய்ச்சிகள் மற்றொன்றையும் காட்டின. வடக்கே காணப்படுவது பெரும்பாலும் கொழுப்புக் கல். தெற்கே நம்மிடம் நிறமிகளால் ஆன கறுத்த கல்லும் கலப்புக் கல்லும் மிகுதி. இது வெறும் பண்டிதர் விவகாரம் அன்று. கல்லைக் கரைக்கும் மாத்திரை என்று ஒன்று உண்டு. அது சிறிய கொழுப்புக் கற்களில் சிலவற்றைப் பல மாதங்களில் கரைக்கக் கூடும். நிறமிக் கல் அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. மாத்திரையிலேயே கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கை வடக்கே ஓரளவு செல்லலாம். தெற்கே அதனினும் குறைவாகவே செல்லும். ஏழு மடங்கு குறைவு என்ற 1968ஆம் ஆண்டுக் கணக்கை நம்பி இன்றைக்கு நாம் உறங்குவதற்கும் இடமில்லை. உணவும் உடம்பும் உழைப்பும் அன்றிருந்தபடி இல்லை. நீரிழிவு வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது.

நிற்க. ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் நாற்பத்திரண்டு வயது அம்மாள் ஒருத்தியை மனத்தில் கொள்வோம். இவள் நம் கற்பனையே ஆயினும், இவளைப் போன்றவர்களை ஆஸ்பத்திரி வாசலில் காணாத வைத்தியர் இருக்கமாட்டார். மூன்று பிள்ளை பெற்றவள். ஆண்களைவிடப் பெண்களுக்கே பித்தக் கல் அதிகம். கர்ப்ப காலமும் அதற்குத் துணை செய்கிறது. ஏழெட்டு மாதமாக, விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட இரவுகளில் அவளுக்கு வயிற்றின் மேற்புறத்தில் வலி வந்து வந்து போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்த வலி மறுபடியும் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண், “வாயுதான் மதினி, இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடிங்க” என்றாள். குடித்தாள். வாந்தி எடுத்தாள். இரண்டு மணிக்கு வலி வலது விலாவின் அடியில் வந்து நிலைத்தது. மூச்சை ஆழ இழுத்தால் அங்கே சுருக்கென்றது. விடியற்காலையில் உடம்பு சுட்டது. சனிக்கிழமை கூலி நாள். படுத்துக்கொண்டால் வாரக் கணக்கு குறையும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். மாலையில் ஓர் ஊசி போட்டுக்கொண்டாள், வலி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வலி ஏறக்குறைய நின்றே போய்விட்டது. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். திங்கட்கிழமை காலையில் வயிறு முழுவதும் பலகையைப் போல இறுகியிருந்தது; கை கால்கள் குளிர்ந்திருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் நிம்மதியை நேயர்கள் கவனிக்க வேண்டும். இந்த நோயில் மிகக் கொடிய ஏமாற்று அதுவே. பையின் சுவருக்கு இரத்தம் போவது நின்று, சுவர் அழுகத் தொடங்கும்போது அதிலுள்ள நரம்புகளும் சாகின்றன; நரம்பு செத்த இடத்தில் வலி ஏது? புண்பட்ட பை ஓட்டை விழுந்து உள் அழுத்தம் இறங்கும்போதும் சிறிது நேரம் சுகம்போலத் தோன்றும். பிறகு சீழும் பித்த நீரும் வயிற்றறைக்குள் பரவுகின்றன. கிருமி விஷம் இரத்தத்தில் கலக்கிறது. அதற்குப் பிறகு நடப்பது ரண வைத்தியருக்கும் யமனுக்கும் இடையே உள்ள வழக்கு. வலி நின்றதா என்று மாத்திரம் கேட்பது போதாது. ஜுரம் நின்றதா, பசி எடுத்ததா, நாடி அமைதியாக இருக்கிறதா, வயிறு இளகியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

பை அழுகுவது ஒன்றுதான் அபாயம் என்பதும் இல்லை. சிறு கல் ஒன்று பையை விட்டு வெளியேறிப் பொதுக் குழாயில் சிக்கினால் கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, குளிரும் ஜுரமும் தூக்கிப் போடும். இது பித்தக் குழாய் அழற்சி, இன்னும் அவசரமானது. அதே கல் கணையத்தின் வாயை அடைத்தால் கணையம் வெந்து போகும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடிப் போகும் நம் வழக்கத்தை நாம் இகழவில்லை. ஆயினும் வலியும் குளிர் ஜுரமும் சேர்ந்து வந்த காமாலை பச்சிலைக்குக் காத்திருக்கும் காமாலை அன்று.

நீரிழிவுக்காரரும் வயது முதிர்ந்தவர்களும் தனியாக எச்சரிக்கப்பட வேண்டியவர்கள். அவர்களுக்கு வலி சில சமயம் கொஞ்சமாகவே இருக்கும். ஜுரம் கூட இராது. சாப்பாடு வேண்டாம் என்று ஒதுக்குவதும், சற்றுப் பிதற்றுவதும், சோர்ந்து கிடப்பதுமே அடையாளமாக நிற்கும். ஆனால் உள்ளே பை அழுகுவது இவர்களிடத்தில்தான் அதிகம். பாட்டனார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால் ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவிடாமல், வலது விலாவின் அடியில் கையை வைத்து அழுத்திப் பார்க்கட்டும். அவர் முகம் சுளித்தால் வண்டியைக் கூப்பிடட்டும்.

வெடிமருந்துத் தொழில் சூழ்ந்த நமது பகுதிக்கு உரிய செய்தி ஒன்றை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. கல்லே இல்லாமலும் பித்தப்பை அழற்சி உண்டாவது உண்டு. நூற்றில் ஐந்து முதல் பத்து வரை அப்படிப்பட்டவை. இவை வருவது பெரும்பாலும் கடுமையான தீக்காயம் பட்டவர்களுக்கும், பெரிய விபத்தில் அடிபட்டவர்களுக்கும், பல நாள் வாய்வழி உணவின்றித் தீவிர சிகிச்சையில் கிடப்பவர்களுக்கும்தான். அசைவற்றுத் தேங்கிய பித்தமும், குறைந்த இரத்த ஓட்டமும் சேர்ந்து பையைக் கெடுக்கின்றன. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பட்டாசு ஆபீஸ் விபத்துக்கள் நேரும் ஒவ்வொரு தடவையும் பத்திரிகைகள் மாண்டவர் கணக்கை வெளியிடுகின்றன. பிழைத்துத் தீக்காய வார்டில் வாரக் கணக்கில் கிடப்பவர்களைப் பிறகு எவரும் நினைப்பதில்லை. அவர்களில் ஒருவருக்குக் காரணம் தெரியாத புது ஜுரம் கண்டால் தோலின் புண்ணைப் பார்ப்பதோடு பித்தப்பையையும் ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்ப்பது தகும். வைத்தியர்கள் இதை அறிவார்கள். உடனிருக்கும் உறவினரும் அறிந்திருந்தால், “வயிற்றையும் பாருங்கள், ஐயா” என்று கேட்க வாய் வரும்.

தாமதம் படிக்காதவர்களின் குற்றம் என்று எவரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சூப் டப்பாக்களைச் சித்திரமாக எழுதி உலகப் புகழ் பெற்ற ஆண்டி வார்ஹோல் என்பவர் பெரும் செல்வர். அவர் இருந்த நியூயார்க் நகரத்தில் வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் குறைவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குப் பயம். பித்தப்பையின் உபாதையைப் பல ஆண்டுகள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். 1987ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இனித் தள்ள முடியாது என்ற நிலையில் அறுவைக்கு உட்பட்டார். பை அழுகிப் போயிருந்தது. அறுவைக்கு மறுநாளே, பிப்ரவரி 22ஆந் தேதி, தமது 58ஆம் வயதில் மாண்டார். ஆஸ்பத்திரியின் கவனிப்பைக் குறித்து வழக்கு நடந்தது. சாதாரண அறுவையில் நேர்ந்த எதிர்பாராத மரணம் என்று உலகம் அநேக ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தது. பின்னால் ஜான் ரயன் என்ற ரண வைத்தியர் குறிப்புகளை ஆராய்ந்து, அது சாதாரண அறுவையே அன்று, முற்றிப்போன நோயாளிக்குச் செய்த அபாயமான அறுவை என்று எடுத்துக் காட்டினார். பணம் இருந்தும் பயத்தால் தாமதித்தவர் அவர். நம் அம்மாள் கூலி போய்விடும் என்று தாமதித்தவள். பித்தப்பைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கத்தியைக் கண்டு பயப்படுவதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1882ஆம் ஆண்டு ஜூலை 15ஆந் தேதி பெர்லின் நகரத்தில் கார்ல் லாங்கென்புக் என்பவர்தான் முதன்முதலில் பித்தப்பையை முழுவதும் எடுத்தவர். நோயாளிக்கு வயது 43; பதினாறு ஆண்டு வலியால் வாடி, மார்பியாவின் பிடியில் இருந்தவர். கல்லை மாத்திரம் எடுத்துப் பையை விட்டுவைத்தால் பை மறுபடியும் கல்லை உண்டாக்கும் என்பது லாங்கென்புக்கின் வாதம். நோயாளி பிழைத்து, ஆறு வாரத்தில் வீடு திரும்பினார். ஒரு நூற்றாண்டுக் காலம் விலாவின் அடியில் நீளமாகக் கீறியே இந்த அறுவை நடந்து வந்தது. ஜெர்மனியில் எரிக் மியூஹே என்பவர் 1985ஆம் ஆண்டில் சிறு துளைகளின் வழியே குழாயும் விளக்கும் செலுத்திப் பையை எடுத்தபோது, சக வைத்தியர்கள் அவரைப் பாராட்டவில்லை; ஏளனம் செய்தார்கள். ஐந்தே ஆண்டில் அந்த முறை நம் நாட்டுக்கு வந்துவிட்டது. 1990ஆம் ஆண்டில் பம்பாயில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா அதைத் தொடங்கி வைத்தார். இன்று தமிழ் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இது அன்றாட வேலை. சிக்கல் இல்லாத நோயாளி ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஒன்றிரண்டு வாரத்தில் இலேசான வேலையைத் தொடங்கலாம்.

இதில் அபாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். பையை எடுக்கும்போது அதன் பக்கத்தில் ஓடும் பொதுப் பித்தக் குழாயில் காயம் படுவது ஆயிரத்தில் சிலருக்கு நேர்கிறது. பிரிட்டிஷ் மந்திரி அந்தோணி ஈடனுக்கு 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் நடந்த அறுவையில் இப்படியே நேர்ந்தது. மறு அறுவைக்கும் தீராமல், பாஸ்டன் நகரத்துக்குச் சென்று டாக்டர் காட்டெல் கையால் குழாயைச் சரிசெய்துகொள்ள வேண்டியதாயிற்று. அறுவையை அஞ்சி ஒதுங்குவதற்கு இது காரணம் ஆகாது. கைதேர்ந்தவரிடம், உரிய காலத்தில் போவதற்கே காரணம் ஆகும். நாள் ஆக ஆகப் பை சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டி இறுகிக்கொள்கிறது. எது குழாய், எது நரம்பு, எது இரத்தக் குழாய் என்று பிரித்தறிவது கடினமாகிறது. அபாயத்தை வளர்ப்பதும் தாமதமே.

முன்பெல்லாம் வைத்தியர்களே, முதலில் மருந்தால் அழற்சியை ஆற்றிவிட்டு ஆறு வாரம் கழித்து அறுவை செய்யலாம் என்று கூறுவது உண்டு. அந்த எண்ணம் இப்போது மாறிவிட்டது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 618 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அறுவை. மற்றதற்கு முதலில் மருந்து, 7 முதல் 45 நாட்களுக்குள் அறுவை. உடனே செய்தவர்களில் 100க்குச் சுமார் 12 பேருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன. காத்திருந்தவர்களில் சுமார் 34 பேருக்கு. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் முதற் பிரிவினருக்கு ஏறக்குறைய பாதிதான். வலி தொடங்கிய மூன்று நாட்களுக்குள், முடியாவிட்டால் ஒரு வாரத்துக்குள் பையை எடுத்துவிடுவதே சிறந்தது என்று இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அறுவைக்கு உடம்பு தாங்காத சிலருக்கு, ஸ்கேன் பார்த்து ஊசி வழியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திச் சீழை வடித்து உயிரைக் காப்பதும் உண்டு.

பை இல்லாமல் எப்படி வாழ்வது என்று கேட்பவர்கள் அநேகர். ஈரல் பித்தத்தைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில காலம் வயிறு இளகிப் போகலாம். மற்றப்படி சோற்றுக்கும் குழம்புக்கும், ஏன், அளவோடு சேவுக்கும் கூடத் தடை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நடப்பது என்ன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வைத்தியர் வலது விலாவின் அடியில் விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொல்லுவார்; இழுக்கும் மூச்சு வலியால் பாதியில் தடைப்பட்டால் பித்தப்பையின்மீது சந்தேகம் வலுக்கும். சிகாகோ நகர வைத்தியர் மர்பி கண்ட குறி இது; செலவற்றது. இரத்தம் எடுத்து வெள்ளணுக்களையும் பித்த நிறமியையும் பார்ப்பார்கள். மேல் வயிற்று வலி சில சமயம் மாரடைப்பாகவும் இருக்கும் ஆதலால் இருதயப் படமும் எடுப்பது முறை. பிறகு அல்ட்ரா சவுண்டு ஸ்கேன். கதிர் வீச்சு இல்லை, வலி இல்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம். கல்லையும் தடித்த சுவரையும் சில நிமிஷத்தில் காட்டிவிடும். அதுவரை வாய்க்கு ஒன்றும் கொடாமல், நரம்பு வழியே நீரும் கிருமி நாசினியும் வலி மருந்தும் செலுத்துவார்கள். வீட்டில் புறப்படும்போதே “வெறும் வயிற்றோடு போகக் கூடாது” என்று கஞ்சியை ஊட்டி அனுப்பும் அன்பு இந்த இடத்தில் இடைஞ்சல்.

வேறு இரண்டு இடைஞ்சல்களும் உண்டு. சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடிப்பது நம் ஊர்களில் வழக்கம். கல் என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் பித்தக் கல்லுக்கும் அதையே குடித்து வாரக் கணக்கில் காத்திருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு இடம், வெவ்வேறு பொருள். ஒன்று கழுவிப் போகும் வழி மற்றதற்கு இல்லை. இரண்டாவது, ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் ஏராளமாகக் குடித்தால் பச்சைக் கற்கள் மலத்தில் வந்து விழும் என்ற பிரசாரம். அப்படி விழுந்த ‘கற்களை’ நியூஸிலாந்து வைத்தியர்கள் சோதித்து 2005ஆம் ஆண்டில் லான்ஸெட் பத்திரிகையில் எழுதினார்கள். அவை கற்களே அல்ல. குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டிகள்! அழற்சி கண்ட பைக்கு அவ்வளவு எண்ணெயைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதே.

இனிக் கூலியின் கதை. நம் அம்மாளைச் சனிக்கிழமை காலையில் ஆபீஸுக்கு அனுப்பியது அறியாமை மட்டும் அன்று. தொழிலாளர் அரசாங்கக் காப்பீடு என்ற இ.எஸ்.ஐ. சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதில் பதிவு பெற்று உரிய நாட்கள் சந்தா செலுத்திய தொழிலாளிக்கு, நோய்க் காலத்தில் கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாமல் வேலை செய்பவர்களுக்கும், வீட்டுத் திண்ணையிலிருந்து பெட்டி ஒட்டிக் கொடுப்பவர்களுக்கும் அந்தச் சட்டம் வெறும் காகிதம். ஆபீஸ் முதலாளிகளை நாம் கேட்டுக்கொள்வது, ஆள் ஒவ்வொருவரின் பெயரையும் உள்ளபடி பதிவு செய்யுங்கள் என்பதே. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை நெருக்கடி கடுமையாக இருக்கும் என்பதை அறிவோம். அந்த மாதங்களில்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை வீட்டுக்கு அனுப்ப மேஸ்திரிக்கு மனம் வராது; அவளுக்கும் போக மனம் வராது. முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் இருவருக்கும் மனம் வரும்.

சர்க்காருக்கும் நம் விண்ணப்பம் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டிலிருந்து 108 வண்டி ஓடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து நடந்து வருகிறது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் விருதுநகரில் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. முன்பு மதுரைக்கு ஓட வேண்டியிருந்த சாத்தூர் நோயாளிக்கு அதில் பாதித் தூரத்துக்கும் குறைவாகவே ரண வைத்தியர் கிடைக்கிறார். இவை யாவும் மனமாரப் பாராட்டத்தக்கவை. ஆயினும் பித்தப்பை வலி ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. அது வருவது பெரும்பாலும் இராச் சாப்பாட்டுக்குப் பின்பு. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்கேன் எடுக்க ஆளும் கருவியும் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்த அன்றே நோயாளியை மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கண்டிப்பும் வேண்டும். 1957லும் 1962லும் காமராஜரைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி சாத்தூர். கேட்டுப் பெறும் வழி அத்தொகுதி வாக்காளர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதுவரை வீட்டில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. வலி தொடங்கிய மணியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மணி நேரம் ஆகியும் வலி விடவில்லையா, இடையே ஜுரமோ குளிரோ மஞ்சளோ ஓயாத வாந்தியோ கண்டதா, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும்; இரவு எத்தனை மணியானாலும் புறப்பட்டு விடுங்கள். காப்பீட்டு அட்டையையும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும், பழைய ஸ்கேன் படம் இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். காலண்டரில் குறித்த மணியை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதற் கேள்விகளில் அது ஒன்று.